பௌர்ணமிக்குத் தானம் போன மெஷின்

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். பாப்பாவும் நானும் சுகம். உங்கள் முதுகு வலி தேவலையா? தைலத்தைச் சூடு பண்ணித் தேய்த்துக்கொள்ளுங்கள்.

பௌர்ணமி பூஜை எப்படி நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். ஜோராக நடந்தது. உங்கள் அண்ணன் பட்டு வேட்டியில் கோயில் முழுக்க ஓடிக்கொண்டிருந்தார். நான் காலையிலேயே போய் விளக்கெல்லாம் துடைத்துத் திரி போட்டேன். தானம் கொடுக்கிற நேரத்தில், தம்பி குடும்பத்தின் சார்பில் ஒரு தையல் மெஷின் என்று அண்ணன் மைக்கில் சொன்னார். அவருக்கு நீங்கள் ஒரே தம்பி என்பது எனக்கு மண்டையில் ஏறவில்லை. யாரோ புண்ணியவான் என்று நானும் கை தட்டினேன், போங்கள்!

மேலே மூடியிருந்த துணியை விலக்கினார்கள். என் மெஷின். எதிர்வீட்டுக் கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் பாதி தைத்தபடி ஊசிக்கு அடியிலேயே இருந்தது. நான் கோயிலில் இருந்த நேரம் பார்த்து, அண்ணன் தன்னிடமிருந்த சாவியால் வீட்டைத் திறந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

அதற்குள் குருக்கள் என்னைக் கூப்பிட்டுச் செம்பைக் கையில் கொடுத்துவிட்டார். வீட்டுக்காரி தண்ணீர் விட்டுத்தான் கொடுக்க வேண்டுமாம். எதிரில் இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் கை நீட்டி நின்றாள், புருஷன் இல்லாதவள். அவள் முகத்தைப் பார்த்து எப்படி மறுப்பது? விட்டேன். நானே விட்டேன். ஜாக்கெட்டை மட்டும் உருவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அண்ணனிடம் கேட்டால், "அவன்தாம்மா போன்ல சொன்னான். மூலையில சும்மாதான் கெடக்கு, குடுத்துடுங்கன்னு" என்கிறார். தண்ணீர் விட்டுக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் பாவம் என்று உபதேசம் வேறு. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள்மேல்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

அவளுக்குக் கொடுத்ததற்காகவும் நான் குமுறவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? தெருவில் என்னை டெய்லரக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை கல்யாணம், அந்த ஜாக்கெட்டைக் கையாலேயே தைத்துக்கொண்டிருக்கிறேன். விரலெல்லாம் ஊசிக் குத்து. வேறு துணி கொண்டுவருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்புகிறேன். அந்த நேரத்தில் எனக்கு எப்படி இருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

மெஷின் சும்மா கிடந்ததாக உங்களுக்கு ஏன் தோன்றியது என்று இரண்டு நாளாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். அப்புறம்தான் புரிந்தது. நீங்கள் லீவில் வந்திருந்த அந்த ஒரு மாதம் நான் அதைத் தொடவே இல்லை. வந்த துணியையெல்லாம் அடுத்த தெரு டெய்லருக்கு அனுப்பிவிட்டேன். உங்களோடு இருக்கக் கிடைத்ததே முப்பது நாள். அதிலும் மெஷினில் உட்கார எனக்கு மனசு வரவில்லை.

பழசோ புதுசோ, எப்படியாவது இன்னொரு மெஷின் பார்த்துவிடுவேன். அடுத்த லீவுக்குச் சீக்கிரம் வாருங்கள். இந்தத் தடவை நீங்கள் இருக்கும்போதும் தைப்பேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளுங்கள்.

நீங்கள் நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்,
பாப்பாவின் அம்மா