நீ வரும் நாளில் எனக்கு ஸ்கேன்

அன்பு மகள் குஞ்சுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் சுண்டெலியும் வயிற்றில் இருக்கும் சின்னதும் அங்கே குறையில்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்வதை விட்டுக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்று வார்த்தைக்கு வார்த்தை திருத்துவாள். இப்போது அவள் கீழே கடையில் கேக் பெட்டிகளுக்கு நாடா கட்டுகிறாள், நான் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

போன மாதம் மாவு மூட்டையைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்ததே, அதற்குத்தான் டாக்டர் ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ஊசி வழியாகக் கொஞ்சம் கதிரியக்க மருந்து ஏற்றுவார்கள், அது ரத்தத்தோடு இதயத்துக்குப் போகும், ரத்தம் சரியாக எட்டாத இடம் படத்தில் மங்கலாகத் தெரியுமாம். சும்மா இருக்கும்போது ஒரு படம், இதயத்தை வேகமாக வேலை வாங்கி இன்னொரு படம். என்னை டிரெட்மில்லில் ஓடவிட முடியாது, நாற்பது வருஷம் பேக்கரி அடுப்பு முன்னால் நின்ற முழங்கால் இது. அதனால் ஓடாமலே ஓடின மாதிரி ஆக்க வேறொரு மருந்து தருவார்கள். அந்த மருந்துக்கும் காபிக்கும் ஆகாது. இருபத்துநாலு மணி நேரம் காபி, டீ, கோலா, சாக்லேட் எதுவும் கூடாது, கடைசி நாலு மணி நேரம் வெறும் வயிறு, எந்த மாத்திரையை நிறுத்துவது என்று டாக்டரே சீட்டில் வட்டம் போட்டுக் கொடுத்தார். உன் அம்மா காபித்தூள் டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள், தானும் குடிக்கவில்லை, அந்தக் கோபத்தையும் என்மேல் காட்டினாள்.

அவ்வளவு காவல் இருந்தும் காரியம் கெட்டது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு பிறந்தநாள் கேக்குக்குச் சாக்லேட் கிரீம் கலக்கினேன், இனிப்பு பார்க்க விரலை வாயில் வைத்தேன். கை தானாகப் போகிறது, உனக்குத் தெரியாததா. மறுநாள் நர்ஸ் கேட்டதும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஒரு விரல்தானே என்று உன் அம்மா வாதாடிப் பார்த்தாள், நர்ஸ் மசியவில்லை, வேறு தேதி வாங்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கென்று அன்று காலை வண்டியில் வந்திறங்கிய மருந்து வீணானதுதான் மிச்சம். சாயங்காலத்துக்குள் வீரியம் போய்விடுமாம், நம் கிரீம் மாதிரி அதையும் நாளைக்கென்று எடுத்து வைக்க முடியாது. வீடு வரும்வரை உன் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். விரலை வாயில் வைத்தது மறதிதான், ஆனால் வைத்த உடனே நினைவு வந்துவிட்டது. துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்திருக்கலாம். நான் இன்னும் இரண்டு விரல் வழித்துத் தின்றேன். பயம், கண்ணு. படம் எடுக்காதவரை எந்த இடமும் மங்கலாக இல்லை என்று ஒரு நினைப்பு. திருப்பி அனுப்பியபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் மாடி ஏற மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது, நிம்மதி அத்தோடு போயிற்று.

புதுத் தேதி கிடைத்திருக்கிறது, நீங்கள் வந்து இறங்கும் அதே நாள். காலையில் எனக்கு ஸ்கேன், சாயங்காலம் நீங்கள் வீட்டில். அன்று முழுக்க நான் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், மருந்து சிறுநீரில்தான் வெளியேறும். மாடி பாத்ரூமை எனக்கு மட்டும் ஒதுக்கியாயிற்று, போன பிறகு இரண்டு முறை தண்ணீர் ஊற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று சீட்டிலேயே இருக்கிறது. அளவு கொஞ்சம்தான், பயப்பட ஒன்றும் இல்லை, ஆனாலும் மறுநாள் வரை பிள்ளைத்தாய்ச்சியும் சின்னக் குழந்தையும் தள்ளியே இருக்கட்டும், மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டாம் என்று ஸ்கேன் எடுக்கும் பெண் சொன்னாள். அன்று காவல் காத்த அதே அம்மா இப்போது தேதியை மாற்றுங்கள் என்கிறாள். மூன்று வருஷம் கழித்து மகள் வருகிறாள், பேரனை இன்னும் கையால் தொட்டதில்லை, மாற்றினால் யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்கிறாள். ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இதைவிட நல்ல சாக்கு எனக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காது. அதனால்தான் நான் மாற்றப் போவதில்லை.

வழியில் கால் வீங்கும், அவ்வப்போது எழுந்து நட. நால்வரும் நோய்நொடி இல்லாமல் வந்து சேருங்கள். டாக்சி நிற்கும்போது நான் மாடி ஜன்னலில் இருப்பேன், சுண்டெலியை அண்ணாந்து பார்க்கச் சொல். படியில் ஓடி வந்தால் பிடித்துக்கொள், நீயும் ஓடி வராதே. இரண்டு வருஷமாகப் போட்டோவில் பார்க்கிறேன், இன்னும் ஒரு நாள் பொறுப்பேன். அவன் கனத்து, என்னால் தூக்க முடியாமல் போகிறவரைக்கும் நான் அவனைத் தூக்க வேண்டும்.

உன் அப்பா