மூன்று மணி பஸ்ஸில் போன சாவி

டிசம்பர் 4, வியாழன்

எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியின் ஃபிரிட்ஜ் சாவி தினமும் மூன்று மணி பஸ்ஸில் சேலத்துக்குப் போகிறது. மருந்து காணாமல் போய்விடக் கூடாதாம். அதனால் கம்பவுண்டர் ஃபிரிட்ஜைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். அதற்கப்புறம் இங்கே நர்ஸ் நான் ஒருத்திதான்.

நேற்று நாலு மணிக்குக் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த செல்வியைப் பாம்பு கடித்தது. கிளியூர்ப் பெண், இருபத்தாறு வயது. டாக்டர் போனில், விஷமுறிவு மருந்தை உடனே ஏற்றச் சொன்னார். ஃபிரிட்ஜின் கண்ணாடிக் கதவு வழியாகப் பத்துக் குப்பிகளும் தெரிந்தன.

"மருந்து உள்ளதானுங்களே இருக்குது சிஸ்டர், எடுங்க" என்று அவள் புருஷன் கெஞ்சினார்.

உடைத்து எடுக்கட்டுமா என்று, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரைக் கேட்டேன்.

"மேனேஜரக் கேக்காம ஒடச்சா நான்தானுங்க பதில் சொல்லோணும். இருங்க சிஸ்டர், கேட்டுச் சொல்றனுங்க."

மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். முக்கால் மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஜீப்பில் ஏற்றி, மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அடிவாரம் போய்ச் சேருவதற்குள் செல்வியின் மூச்சு நின்றுவிட்டது.

இன்று காலை மேனேஜர் வந்து குப்பிகளை எண்ணினார். பத்தும் இருந்தன. "ஸ்டாக் சரியா இருக்குதுங்க" என்று ரைட்டர் சொல்லி, அதையே பதிவேட்டில் எழுதி, என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். தூ!

அது வெறும் கண்ணாடிக் கதவு. டிஸ்பென்சரி வாசலில் கல்லுக்கா பஞ்சம்? உடைத்திருந்தால் எனக்கு ஒரு மெமோ வந்திருக்கும். அவ்வளவுதான்.