வளர்ற பிள்ளைக்கு வாங்கிய கண்ணாடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் நம் வாலுப் பேத்தியும் அங்கே அப்படியே இருந்தால் அதுவே போதும். ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டேனே தவிர, சாயங்காலமானால் முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. நாள் முழுக்க நின்றபடி ஊரார் மூக்கையும் காதையும் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிடுகிற வேலை, கொஞ்சம் உட்கார்ந்தால் முதலாளி முகம் சுருங்கிவிடும். இன்றைக்கு ஒரு பெரியவர் கண்ணாடி மேல் உட்கார்ந்துவிட்டு வந்து, அது தானாக வளைந்துவிட்டது என்று சாதித்தார். ஆமாம் சார், சில கண்ணாடி அப்படித்தான் என்று நிமிர்த்திக் கொடுத்தேன், வாதாடத் தெம்பு இல்லை. வேலையை விடுங்கள் என்று அம்மா தினமும் சொல்கிறாள், விட்டால் பகல் முழுக்க என்னை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்டால் முழங்காலுக்குத் தைலம் எடுத்து வருகிறாள்.

இதை போனில் சொன்னால் நீ சரிப்பா சரிப்பா என்று பாதியில் வைத்துவிடுவாய், அல்லது அம்மா பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி. வாலு கண்ணாடியை ஒரு நாள் செருப்புக்குள்ளும் ஒரு நாள் அழுக்குத் துணிக்குள்ளும் ஒளித்து வைத்தாள் என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, உன் பிள்ளை வேறு எப்படி இருப்பாள். நேற்று நீ, பொறுக்க முடியாமல் அடித்துவிட்டேன்பா என்று அழுதாய், அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு. பிள்ளைக்கு இடது கண் பார்வை பழகாமல் சோம்பிப்போயிருக்கிறது, இப்போதே விடாமல் கண்ணாடி போட்டால்தான் தேறும், வளர்ந்த பிறகு போட்டு அவ்வளவு பலன் இருக்காது என்று டாக்டர் சொன்னால் எந்தத் தாய்தான் பயப்படாமல் இருப்பாள். எனக்கும் பயம்தான்.

மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாத்தாவாக இல்லை, கடைக்காரனாகப் பார்த்தேன். பார்த்ததும் உனக்கு போன் செய்து, ஃபிரேம் என்ன சைஸ் என்று கேட்டேன் அல்லவா, வளர்ற பிள்ளைதானேப்பா, ரெண்டு வருஷம் வரட்டும்னு பெருசா வாங்கினேன், மீட்டிங்ல இருக்கேன் என்று வைத்துவிட்டாய். அடி பைத்தியக்காரி, சட்டையைப் பெரிதாக வாங்கலாம், ஷூவுக்குக்கூட முனையில் பஞ்சு வைக்கலாம், உன் அம்மா உனக்கு வைத்தவள்தான், கண்ணாடிக்கு அது ஆகாதம்மா. ஃபிரேம் அவள் முகத்தைவிட அகலம். மூக்கில் நிற்காமல் வழுக்கி இறங்கியிருக்கிறது, கண் எதிரே இருக்க வேண்டிய லென்ஸின் நடுப்பாகம் கன்னத்தில் கிடக்கிறது, பிள்ளை அதன் மேல் ஓரம் வழியாகத்தான் பார்க்கிறாள். அத்தனை கனமான லென்ஸில் ஓரமாகப் பார்த்தால் தரையே மேடு பள்ளமாகத் தெரியும். வழுக்குகிறது என்று நீ பின்னால் கயிறு கட்டி இறுக்கியிருக்கிறாய், அது காதுக்குப் பின்னால் சிவக்க அறுத்திருக்கிறது, போட்டோவிலேயே தெரிகிறது. தினம் எத்தனையோ பேர் காதைத் தொடுகிறேன், கண்ணாடி போட்ட பிறகு என் பேத்தி காதை ஒரு தடவை தொடக் கொடுத்துவைக்கவில்லை. தொட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

முதல் வேலையாக அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடு. இதைப் படித்த மறுநாளே லீவு சொல்லிவிட்டு, டாக்டர் எழுதிய சீட்டோடு அவளைக் கடைக்குக் கூட்டிப் போ. அவள் முகத்துக்கு இன்றைக்கு எது சரியோ அதை மட்டும் கேள், அடுத்த வருஷக் கவலை அடுத்த வருஷம். மூக்கில் நன்றாக உட்கார வேண்டும், கம்பி காதுக்குப் பின்னால் சரியான இடத்தில் வளைய வேண்டும், இமை முடி லென்ஸில் இடிக்கக் கூடாது. மாட்டிய பிறகு அவளைக் குனிந்து தலையை ஆட்டச் சொல், வழுக்கினால் அங்கேயே திரும்பச் சரிசெய்யச் சொல், அவர்கள் முகம் சுளித்தாலும் நகராதே. நாங்களும் சுளிப்போம், ஆனால் செய்து கொடுத்துவிடுவோம். புதிதாகப் போட்டதும் ரெண்டு நாள் சிணுங்கினாலும் சிணுங்கலாம், அதற்காகப் பயந்துவிடாதே. பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, சிரிக்கிற போட்டோ அம்மாவுக்கு, எனக்குக் காது தெரிந்தால் போதும்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், வேறென்ன கேட்கப்போகிறேன். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அஞ்சு வயசுப் பிள்ளைக்குக் காது அறுக்கிறது, தரை ஆடுகிறது என்று சொல்ல வாய் வரவில்லை, ஒளித்து வைக்கத்தான் தெரிந்தது. தப்பு உன் மேல இல்லடி, கண்ணாடி மேலதான் என்று அவளிடம் நீயே வாய்விட்டுச் சொல். அடித்த கையாலேயே அந்தக் காதைக் கொஞ்சம் தடவிக் கொடு.

இப்படிக்கு
உன் அப்பா