வாடகைக் குரல்

நெடுவான் சரக்குக்கலம், பயணக் குறிப்பு
எழுதுபவர்: நல்லபெருமாள், துணைப் பணியாளர்

நாள் 203, காலை 7.10

காற்றழுத்தம் சரி. குடிநீர்ச் சுத்திகரிப்பு சரி. மூன்றாம் அறையின் வெப்பமூட்டி வழக்கம்போல் முரண்டு பிடித்தது. இரண்டு தட்டு தட்டியதும் வழிக்கு வந்தது. கேப்டன் ஜெபராணி இயந்திர அறையில் இருக்கிறார். கலத்தில் நாங்கள் இரண்டே பேர். வியாழனைத் தாண்டிவிட்டோம். அடுத்து சனியின் நிலாவான டைட்டன்.

இந்தக் குறிப்பைக் கண்டெடுப்பவருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் விண்வெளிக்காரன் இல்லை. 'நெடுவான்' என்கிற தொலைக்காட்சித் தொடரை ஒட்டி நாவல் எழுதுகிறவன். ஒரு அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நாயகர்கள் என்ன செய்தார்கள் என்று ரசிகர்கள் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லியே இருபது வருடம் பிழைத்திருக்கிறேன். தொடரை எடுக்கும் நிறுவனம்தான் சரக்கும் ஓட்டுகிறது. விளம்பரத்துக்காகக் கலத்துக்குத் தொடரின் பெயரை வைத்தார்கள், எழுத்தாளனையும் ஏற்றிவிட்டார்கள். கேப்டனைப் பார்த்தே தொடரின் புதிய பருவத்தின், அதாவது சீசனின், நாயகியையும் செய்திருக்கிறார்கள், பெயர்கூட மாற்றாமல். அங்கே அவள் துப்பாக்கியோடு பாய்கிறாள். இங்கே இவர் கழிவறைக் குழாயைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

என் தொழில் வாடகை வீட்டில் குடியிருப்பதைப் போன்றது. சுவரில் ஆணி அடிக்கலாம், படம் மாட்டலாம். காலி செய்யும்போது ஓட்டையை அடைத்துவிட்டுப் போக வேண்டும். நாவலில் நாயகனுக்குக் கால் முறியலாம். கடைசிப் பக்கத்துக்குள் கூடிவிட வேண்டும். யாரும் சாகக்கூடாது. ஓட்டை அடைபட்டதா என்று சென்னை அலுவலகத்தில் உமையாள் என்கிற அம்மையார் வரிவரியாகப் பார்ப்பார். அவர் கண்ணுக்குத் தப்பிய பிழை கிடையாது. சந்தேகம் கேட்க வீட்டுக்குப் போன் செய்வார். என் மனைவி சண்பகவல்லி எடுத்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் என்னிடம் தருவாள்.

நாள் 209, காலை 8.00

காற்று வடிகட்டி மாற்றினேன். உணவுப் பொட்டல அட்டையை வெட்டி இந்தக் கலத்தையே சிறிதாகச் செய்துகொண்டிருக்கிறேன். எனக்கு இது ஒரு பைத்தியம். பாளையங்கோட்டை வீட்டில் ஒரு அறை முழுக்க அட்டைக் கலங்கள்தான். வால்பகுதியில் ஒரு குழாய் குறைகிறது என்று கேப்டன் சொன்னார். மிதந்துபோய்ச் சன்னல் வழியாக எண்ணிப் பார்த்தேன், உண்மைதான். அன்று முழுக்க அவர் முகத்தில் சிரிப்பு போகவில்லை.

சண்பகத்திடமிருந்து வந்த செய்தி:

"சொர்ணத்துகூட நான் பேசுததே இல்ல. பேட்மிண்டன் போட்டிக்கு என்னைய விட்டுட்டு இன்னொருத்திய சோடி சேத்துக்கிட்டா. இருக்கட்டும், பாத்துக்கிடுதேன். உங்க அட்டைக் கப்பல் ஒண்ண சீனி கடிச்சிட்டு. நான் எடுத்து வைக்கல, அப்படியே கெடக்கு. வந்து உங்க பூனைகிட்டயே கேட்டுக்கிடுங்க."

சொர்ணம் எதிர்வீட்டுக்காரி. சண்பகம் ஒரு கோபத்தை மூன்று மாதத்துக்குக் குறையாமல் வைத்துப் பராமரிப்பாள். படித்துப் படித்துச் சிரித்தேன்.

நாள் 231, நேரம் பார்க்கவில்லை

கல். கடுகளவுதான் இருக்கும். பெரிய ஆண்டெனாவைத் துளைத்துவிட்டது. சரிசெய்ய ஜெபராணி வெளியே போனார். பின்னாலேயே இன்னொரு கல்.

கயிற்றைப் பிடித்து இழுத்தேன். உள்ளே கொண்டுவந்துவிட்டேன். தலைக்கவசத்தைக் கழற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு கழற்றினேன்.

அவரைக் குளிர் அறையில் வைத்திருக்கிறேன்.

நாள் 234, காலை 9.30

ஆண்டெனா போனதால் இனிக் குரலும் படமும் கிடையாது, எழுத்து மட்டும்தான் வரும். கலத்தைத் தானியங்கி ஓட்டும். மற்ற பராமரிப்பு எல்லாம் என் தலையில். நிறுவனத்தின் செய்தி:

"கேப்டனின் மறைவு ஆழ்ந்த வருத்தம் அளிக்கிறது. அவர் பாத்திரம் இடம்பெறும் பருவம் ஒளிபரப்பில் இருப்பதால், அது முடியும்வரை தகவல் வெளியாகக்கூடாது. அவர் தங்கைக்கு வாரச் செய்தியை அவர் நடையில் தாங்களே எழுதவும். தங்களைவிடப் பொருத்தமானவர் இல்லை."

முடியாது என்று பதில் அனுப்பினேன். தானியங்கிக்கு வழிகாட்டல் பூமியிலிருந்துதான் வருகிறது என்பதை நினைவூட்டுகிறோம் என்று ஒரு வரி வந்தது. இத்தனை வருடமும் ஒருவரைக்கூடச் சாகடிக்க என்னை விட்டதில்லை. இப்போது செத்தவரையும் சாக விடமாட்டார்களாம்.

நாள் 241, காலை 8.20

எழுதினேன். ஜெபராணி தங்கையிடம் சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார். தூத்துக்குடியில் காற்று எப்படி என்று கேட்பார். அப்படியே கேட்டேன். எஸ்தர் பதில் எழுதியிருக்கிறாள்:

"அக்கா, ஒரே மேல்காத்து. நீ வந்தாத்தான் கல்யாணம்னு ஃபாதர்ட்ட சொல்லிட்டேன். அருள் வீட்ல மொணங்குதாங்க, மொணங்கட்டும். நீ இல்லாம நான் கோயிலுக்குள்ள கால் வைக்கமாட்டேன்."

நன்றாக எழுதிவிட்டேன் என்று முதலில் சந்தோஷம் வந்தது. தொழில் புத்தி. அப்புறம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்துவிட்டேன்.

நாள் 322, காலை 10.00

இரண்டாம் அறைக் குளிர்விப்பானில் கசிவு. அறையை மூடிவிட்டேன். எஸ்தரின் கல்யாணம் இரண்டாவது முறையாகத் தள்ளிப்போயிருக்கிறது. பருவம் எப்போது முடியும் என்று கேட்டேன். வரவேற்பு நன்றாக இருப்பதால் நீட்டியிருக்கிறார்களாம்.

சண்பகத்தின் செய்தி மட்டும் வாரம் தவறாமல் வருகிறது. இன்றையது:

"சொர்ணம் வந்து மன்னிப்பு கேட்டா, நானும் சமாதானமாயிட்டேன். தண்ணிக் கொழா ஒடஞ்சிது, ஆள் வந்து சரிபண்ணிட்டுப் போயிட்டான். சீனி கடிச்ச கப்பல ஒட்டி வச்சிட்டேன். எதுக்கும் கவலப்படாதிய."

நிம்மதியாகத்தான் படித்தேன். ஏனோ மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

நாள் 324, பகல் 1.15

பழைய செய்திகளை எல்லாம் வரிசையாக எடுத்துப் படித்தேன். ஆவணி மாதம்வரை சண்பகம் எதையும் முடித்ததில்லை. கரண்டு பில், சொர்ணம், கொல்லைக் கதவு, எல்லாம் பாதியில் நிற்கும். ஆவணிக்குப் பிறகு ஒவ்வொரு செய்தியிலும் ஒரு சின்னப் பிரச்சினை வருகிறது, அதே செய்தியிலேயே தீர்ந்துவிடுகிறது. புது மனிதர் யாரும் வரவில்லை. புதிதாக ஒரு சாமான்கூட வாங்கவில்லை. எல்லா ஓட்டையும் அடைபட்டிருக்கிறது.

இந்த வேலை எனக்குத் தெரியும். நான் செய்கிற வேலை இது.

மனம் பேதலித்துவிட்டதா என்றும் யோசித்தேன். சோதித்துவிடலாம் என்று சண்பகத்துக்கு ஒரு பொய் எழுதினேன்: டைட்டனில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், நானும் சரி என்றுவிட்டேன். அவளாக இருந்தால் இரண்டு வாரம் பதிலே போடமாட்டாள். அப்புறம் வருவது காதில் கேட்கிற மாதிரி இருக்காது.

நாள் 324, மாலை 4.40

பதில் வந்துவிட்டது. செய்தி போகவும் வரவும் எடுக்கும் நேரம், மேலே அரை மணி. அவ்வளவுதான்.

"உங்களுக்குச் சரின்னா எனக்கும் சரிதான். ஒடம்பப் பாத்துக்கிடுங்க."

வெப்பமூட்டி மறுபடி நின்றுவிட்டது. தட்டக்கூட எழுந்திருக்கவில்லை.

நாள் 325, காலை 6.30

சண்பகத்தின் முகவரிக்கே எழுதினேன். 'உமையாள் அம்மா, நீங்கள்தானே? என் வீட்டுப் பூனை பெயர்வரை தெரிந்தவர் உங்களைத் தவிர யாரும் இல்லை. சண்பகம் எங்கே?'

நாள் 325, மாலை 5.05

"சார், மன்னிச்சிருங்க. ஆவணியிலேயே அக்கா போயிட்டாங்க. பேட்மிண்டன் ஆடிட்டு வந்து உக்காந்தவங்கதான், மூளையில ரத்தக்கசிவுன்னு சொன்னாங்க. தனியா இருக்கிற மனுஷன், தெரிஞ்சா ஒடஞ்சிருவாரு, நீங்க எழுதுங்கன்னு ஆபீஸ்ல என்கிட்ட குடுத்தாங்க. எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு. ஆனா எனக்கு ஓட்டை அடைக்கத்தான் சார் தெரியும். சீனி இப்ப எங்க வீட்ல இருக்கு."

நாள் 325

சண்பகம்

நாள் 331, காலை 7.00

ஐந்து நாள் குறிப்பு எழுதவில்லை. வெப்பமூட்டியைப் பிரித்து மாட்டினேன். மூன்றாம் அறையில் மட்டும் இருக்கிறேன்.

உமையாள் மேல் கோபப்படப் பார்த்தேன். அவர் எனக்குச் செய்ததைத்தான் நான் எஸ்தருக்குச் செய்துகொண்டிருக்கிறேன். எனக்கு வலித்தது அவளுக்கும் வலிக்கும், ஆனால் அவள் வயது முப்பது, வாசலில் மாப்பிள்ளை நிற்கிறான். எஸ்தருக்கு முழுவதையும் எழுதினேன். அக்கா எப்படிப் போனார், எங்கே வைத்திருக்கிறேன், செய்திகளை எழுதியது யார் என்பதுவரை. நிறுவனத்தின் கண்ணில் படாமல் சேர்த்துவிடுவதாக உமையாள் சொல்லியிருக்கிறார். வேலை போனால் போகட்டும் என்றார்.

நாள் 333, காலை 9.10

"எங்க அக்கா செத்தது தெரியாம நான் சேல எடுக்கப் போனேன். நீங்க எழுதுனதப் படிச்சுச் சிரிச்சேன். இனிமே எனக்கு ஒரு வரி எழுதாதீங்க. அக்காவ மட்டும் பத்திரமா கொண்டுவாங்க."

குளிர் அறையின் வெப்பநிலையைச் சரிபார்த்தேன். அது பிசகாமல் இருக்கிறது.

நாள் 340, காலை 7.10

விஷயம் செய்தித்தாள்வரை போய்விட்டதாம். இனித் தானியங்கியைத் தொட நிறுவனத்துக்குத் துணிச்சல் வராது என்கிறார் உமையாள். சண்பகத்தின் செய்திகளை நிறுத்திவிடட்டுமா என்றும் கேட்டிருக்கிறார்.

எனக்கு உண்மை தெரியும். தெரிந்தே எழுதுகிறேன். டைட்டன் போய்த் திரும்ப இன்னும் நெடுநாள் இருக்கிறது. இந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. நிறுத்த வேண்டாம் என்றேன். ஆனால் பாத்திரம் சரியில்லை என்று நாவலாசிரியனாக நாலு திருத்தம் அனுப்பினேன். அவள் யாருக்கும் சமாதானம் சொல்லமாட்டாள். கேட்டதும் பதில் போடமாட்டாள். சொர்ணத்தை மன்னிக்கக்கூடாது. ஒட்டிய கப்பலை உடைத்துவிடுங்கள். டைட்டனில் இரண்டு வருடம் என்று நான் சொன்ன பொய்க்குப் புதிதாகப் பதில் எழுதுங்கள்.

நாள் 354, காலை 8.00

காற்றழுத்தம் சரி. குடிநீர் சரி. சரியாக இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது.

"ரெண்டு வருசமா? யாரக் கேட்டுச் சரின்னிய? வாங்க, வந்து கதவத் தட்டுங்க, தொறக்குதேனான்னு பாருங்க. சொர்ணம் மூஞ்சியிலயும் முழிக்கல, இனி உங்க மூஞ்சியிலயும் முழிக்கப்போறதில்ல. அந்த அட்டைக் கப்பல் அப்படியேதான் கெடக்கு."

அவளேதான். மிதந்தபடியே அழுதேன். கண்ணீர் இங்கே கீழே விழாது, துடைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. பிறகு காபி கலந்துகொண்டு அவளைச் சமாதானப்படுத்தி ஒரு பதில் எழுதினேன்.

கோபம் ஆற மூன்று மாதமாவது ஆகும். அதற்குள் ஆற்றிவிட வேண்டாம் என்று உமையாளுக்குக் குறிப்பு அனுப்பியிருக்கிறேன்.