கைநாட்டு வைத்த என் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அங்கே குளிர் குறைந்து நீ நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் முப்பது வருடமாக வகுப்பில் பொய் சொல்லாதே என்று பிள்ளைகளை அதட்டியவன் முதல் வரியிலேயே பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. இதையெல்லாம் போனில் சொல்லலாம். ஆனால் நான் சொல்ல வேண்டியதைப் போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அவள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், உனக்குத் தெரியுமே.

போன வருடம் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். வீடு வீடாகப் போக வேண்டும், மூன்று முறை போயும் பூட்டியிருந்தால் குடிபெயர்ந்தவர் என்று குறித்துப் பெயரை அடிக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. நான்தான் விதியென்றால் உயிரை விடுபவன் ஆயிற்றே. பள்ளி மணி அடித்ததும் கிளம்பி, பின்தெரு வரிசை வீடுகளுக்கு மூன்று நாளும் சரியாக நாலரை மணிக்கே போனேன். மூன்று நாளும் பூட்டு. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் துணி ஆலையில் மாலை ஷிப்ட் பார்ப்பவர்கள், நாலு மணிக்கே போய்விடுவார்கள் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. நாற்பத்தொரு பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். அதே பேனாவோடு நம் வீட்டு எண்ணுக்கு வந்தேன். ஏழு வருடமாக ஊரில் இல்லாத உன் பெயரை அடித்திருக்க வேண்டும். பேனாவை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்துவிட்டேன். நம் வீட்டில் நாம் மூன்று பேரும் சேர்ந்து இருப்பது அந்தக் காகிதத்தில் மட்டும்தான் பாப்பா. என்னால் முடியவில்லை.

தேர்தலில் பதினெட்டு ஓட்டில் ஒருவர் ஜெயித்தார். தோற்றவர் கள்ள ஓட்டு என்று வழக்குப் போட்டு, வாக்குச்சாவடிப் பதிவேட்டைத் திறக்க வைத்தார். உன் பெயருக்கு நேரே ஒரு கைநாட்டு இருக்கிறது. இரண்டு பட்டம் வாங்கிய என் மகள் பெருவிரலில் மை தடவி அழுத்திவிட்டுப் போயிருக்கிறாள்! யார் போட்டார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் வாத்தியார் வேண்டுமென்றே மகள் பெயரை வைத்திருந்து விற்றுவிட்டார் என்று ஊரே பேசுகிறது. ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. ஜெயித்தவரின் ஆள் ஒருவர் வெள்ளைக் காரில் வந்து, "பாப்பா அன்னிக்கு வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார், மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்று தேன் ஒழுகச் சொன்னார். எழுதிவிட்டேன் பாப்பா. வேலை போய்விடும், ஜெயில் என்கிறார்கள், பயத்தில் எழுதிவிட்டேன். இன்னும் கொடுக்கவில்லை, சட்டைப் பையில்தான் இருக்கிறது.

நேற்று காலை, அந்த ஆலையில் தைக்கும் பின்தெருத் தையல்காரம்மா வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். "நான் எங்க சார் போயிட்டேன்னு எழுதுனீங்க? பதினாறு வருசமா அதே வீட்லதான இருக்கேன்" என்று மெதுவாகக் கேட்டார். இருந்தவரை இல்லை என்று எழுதினேன், இல்லாத உன்னை இருப்பதாக விட்டேன். பெயரை அடித்த அன்றிலிருந்து என்று சொல்ல முடியாது, நேற்றிலிருந்துதான், ஆனால் ஒரு கவளம் இறங்கவில்லை.

அடுத்த மாதம் பத்தாம் தேதி விசாரணை. என் தைரியத்தை நான் நம்பவில்லை, அங்கே போய் நின்றால் பையிலிருக்கும் காகிதத்தை நீட்டினாலும் நீட்டிவிடுவேன். அதனால் உன் பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும், ஒன்று விடாமல், நகலெடுத்து உடனே அனுப்பு. ஏழு வருடமாக நம் நாட்டு முத்திரை ஒன்றுகூட விழாத அந்தப் பக்கங்கள் கையில் இருந்தால் நான் பொய் சொல்ல முடியாது. அந்த நாற்பத்தொரு பேர் பெயரையும் திரும்பச் சேர்க்கச் சொல்லி, தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு என்ன ஆகுமோ தெரியாது. அம்மாவை மட்டும் அடிக்கடி கூப்பிட்டுப் பேசு.

உடம்பைப் பார்த்துக்கொள். எந்தக் குறையும் இல்லாமல் நீ நெடுநாள் வாழ வேண்டும். மறக்காமல் பள்ளி முகவரிக்கு அனுப்பு, வீட்டுக்கு வேண்டாம். நீ வராத வருடங்களை அம்மா விரல்விட்டு எண்ணுவாள், காகிதத்தில் பார்த்தால் தாங்கமாட்டாள். பட்டியலில் உன் பெயரை இந்த முறை நானே அடித்துவிடுகிறேன், கோபம் என்று நினைத்துவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா