சுருக்குப்பைக்குள் போன கேமரா

ஐப்பசி 9, புதன்

மூத்த பேரனுக்கு வங்கியில் வேலை கிடைத்துவிட்டது. சின்னவன் கபடியில் கப்பு வாங்கினான். பேத்தி செல்வி வேளாண்மை படித்துவிட்டு, கூடலூரில் தங்கித் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கிறாள்.

இலையில் விழும் சாம்பல் நோய் செல்போன் படத்தில் சரியாகத் தெரியவில்லையாம். தினமும் கையோடு கொண்டுபோக ஒரு கேமரா வாங்க, இன்று என்னையும் தேனிக்குக் கூட்டிப்போனாள். கடைக்காரர் பெரிது பெரிதாகக் காட்டினார். நான் என் சுருக்குப்பையில் இருந்த வெற்றிலையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதற்குள் போட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு படுமென்று அவர் பதறினார்.

"அப்பத்தா, இதென்ன கொட்டப்பாக்கா?" என்று செல்வி சிரித்தாள்.

"இதுக்குள்ள போகாதது தெனமும் ஒங்கூட வராதுடி. வீட்டுலதான் கெடக்கும்."

"அம்மா சரியாத்தான் சொல்றாக" என்றார் கடைக்காரர்.

உள்ளே போன சின்னக் கறுப்புக் கேமராவையே வாங்கினாள். முதல் படம் என்னை எடுத்துவிட்டு, கூடலூர் பஸ் ஏறிவிட்டாள்.

வீட்டுச் சுவரில் அவள் போனில் எடுத்த எல்லோர் படமும் இருக்கிறது. செல்வி மட்டும் பத்தாம் வகுப்புச் சீருடையிலேயே நிற்கிறாள். எடுக்கிறவள் எந்தப் படத்தில் வருவாள்? காலையில் போனில் சொல்ல வேண்டும். கேமராவை யார் கையிலாவது கொடு. தோட்டத்தில் நீ நிற்கிற மாதிரி ஒன்று எடுத்து, காகிதத்தில் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு.