பண்ணைக்கு அனுப்புகிறார்களாம்

அன்புத் தம்பிக்கு, அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

பந்தய லாயத்து வேலையில் குதிரை உதைத்ததிலிருந்து உங்கள் அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இப்போது முதுகில் புண் வேறு. அவரைப் புரட்டிப் படுக்கவைக்க என் கையில் வலு இல்லை. இதை அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

குதிரைப் பந்தயத்தில் வேலை பார்த்து நொடித்துப்போனவர்களுக்கு உதவ ஒரு அறக்கட்டளை இருக்கிறதாம். அங்கிருந்து ஒரு பெண் ஆப்பிள் பையோடு வந்தாள். வாடகை கட்டுகிறோம், வைத்தியம் பார்க்கிறோம் என்றாள். சொந்தக்காரர்களே தெருவில் பார்த்தால் ஒதுங்கிப் போகிறார்கள், முன்பின் தெரியாதவளுக்கு என்ன இவ்வளவு கரிசனம்? குதிரை முதலாளிகள் போடுகிற பணம்தான் என்று அவளே சொன்னாள். உதைத்த குதிரையின் முதலாளியும் அதில் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றாள், சிரித்துக்கொண்டே. அந்த மனிதர் இன்றுவரை இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இவர் காலை அமுக்கிப் பார்த்தாள், வயதைக் கேட்டாள். பல்லைப் பிடித்துப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. கிளம்பும்போது, ஊருக்கு வெளியே எங்களுக்கு ஒரு பண்ணை இருக்கிறது, திங்கட்கிழமை வண்டி அனுப்புகிறோம், நன்றாக ஓய்வெடுக்கலாம் என்றாள்.

உடனே இவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லாயத்தில் அந்தப் பேச்சுக்கு ஒரே அர்த்தம்தான். கால் கெட்ட குதிரையை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சுட்டுவிட்டு, பண்ணைக்கு அனுப்பியாச்சு என்பார்கள். இது மனுஷருக்கு வைத்தியம் பார்க்கிற இடமாம், பயிற்சி கொடுத்து உட்காரவைப்பார்களாம் என்று எவ்வளவோ சொல்லிப்பார்த்தேன். போனவங்க யாராவது திரும்பி வந்து பார்த்திருக்கியா என்று கேட்டார்.

நேற்று அவரே பேச்செடுத்தார். அப்படிப் போகிற குதிரையை வண்டியில் ஏற்றிவிடுவது இவர்தானாம். மிரண்டு நிற்கிற குதிரையின் கழுத்தைத் தடவி, வாடா ராஜா என்றால் போதுமாம், இவரை நம்பி வண்டியில் ஏறிவிடுமாம். சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். நீ சொல்லு, ஏறுறேன் என்றார்.

வீட்டிலேயே வைத்துக்கொண்டால் அந்தப் புண்ணே அவரைத் தின்றுவிடும். அவளை நம்பவும் மனம் துணியவில்லை. திங்கட்கிழமைக்குள் எப்படியாவது வந்து அந்த இடத்தை ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். படுக்கையாகப் போன ஒருவராவது எழுந்து உட்கார்ந்திருக்கிறாரா என்று உங்கள் கண்ணால் பார்த்து வந்து சொல்லுங்கள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று பொய் மட்டும் சொல்லிவிடாதீர்கள், தம்பி. நான் சொன்னால் அவர் ஏறிவிடுவார்.

நீங்களும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும்.

உங்கள் அண்ணி